மற்றவை பாயும் நாலு காரணமும்

'ஏன்' என்று ஒருமுறைகூடக் கேட்காமல் ஊரார் மனசை அறிந்த மனிதர் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஒருவர்தான். எங்கள் மற்றவை பாய்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் எங்கள் சர்வே ஆபீஸ். கல்வராயன் மலையில் பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது ஏன் என்று வீடு வீடாகக் கேட்டு வருவதுதான் வேலை. படிவத்தில் வறுமை, ஆர்வமின்மை, வீட்டு வேலை என்று எட்டுக் காரணங்கள் அச்சடித்திருக்கும். ஒன்பதாவது 'மற்றவை'. பாய் கண்ணை மூடிக்கொண்டு அதில்தான் டிக் அடிப்பார். பிறகு பின்பக்கம் முழுக்க எழுதுவார். இடம் போதாமல் ஓரத்திலும் ஏறுவார்.

"இன்னா பாய், மற்றவை ஜாஸ்தியானா கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது" என்று தலையில் அடித்துக்கொள்வார் மேனேஜர்.

"அப்போ கம்ப்யூட்டரையே மலைக்கு அனுப்புங்க சார். கேட்டுக்கினு வரட்டும்."

எனக்கு அவர் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று. "பேனாவப் புடிச்சிக்கினு ஏன்னு கேட்டா, கையில கெடைச்ச பதில எடுத்துக் குடுத்து நம்மள அனுப்பிடுவாங்க தம்பி. அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு கேளு."

நான் கேட்டால்தானே! ஒரு மலை ஊரில் நாலு பெண்கள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றிருந்தார்கள். அந்த மாசக் கடைசிக்குள் வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். முதல் வீட்டில் "படிப்பு ஏறலைங்க" என்றார்கள். அடுத்த வீட்டில் "கஷ்டம்ங்க." மூன்றாவது வீட்டில் மாடு மேய்க்க ஆளில்லை. நாலாவதில் பெண் வயசுக்கு வந்துவிட்டாள். அரை மணியில் நாலு டிக் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன்.

கூட வந்திருந்த பாய் மறுபடியும் முதல் வீட்டுக்குப் போனார். "கடைசியா போன அன்னிக்கு இன்னா சாப்ட்ட பாப்பா? யாரு முன்னாடி நடந்தா?"

அதில் அவிழ்ந்தது முடிச்சு. காட்டுவழியில் கரடி உண்டு. முன்னால் போகிறவள் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். அது செல்வி என்ற ஐந்தாவது பெண்ணின் வேலை. அவள் குடும்பம் கரும்பு வெட்ட மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் இறங்கிவிட்டது. அந்த வாரமே மற்ற நாலு பேரும் நின்றுவிட்டார்கள். நாலு வீட்டிலும் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர்களை நிறுத்தியது அதுவல்ல.

பாய் என் நாலு டிக்கையும் கோடு போட்டு அடித்துவிட்டு 'மற்றவை' போட்டு எழுதிக் கொடுத்தார். மேனேஜர் பழையபடி மாற்றச் சொன்னார். வேலை போய்விடும் என்ற பயத்தில் நானே என் கையால் மாற்றினேன். பாய் பார்த்தார். மறுநாள் அவர் ஆபீசுக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் சேதி தெரிந்தது. மலையில் டீக்கடைக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு, தினம் காலையில் தொப்பையும் குடையுமாக, டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டிக்கொண்டு பாய் முன்னால் நடக்கிறாராம். பின்னால் நாலு பெண்கள். அந்தச் சத்தத்துக்குக் கரடி என்ன, கடவுளே ஒதுங்கி வழிவிட்டிருப்பார். எட்டாம் நாள், மாடு மேய்க்கிற பெண் "நீங்க ரொம்ப மெதுவா நடக்கிறீங்க, மணி அடிச்சிடுவாங்க" என்று மூடியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாளாம்.

பாய் கீழே இறங்கி வந்தபோது அவருக்கு வேலை இல்லை. இப்போது கடைவீதியில் தம்பியின் பைக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கூச்சம்தான். பார்க்காத நாளில் சோறு இறங்குவதில்லை.