தங்கள் வாஷிங் மெஷின் இன்னும் ஏன் சத்தம் போடுகிறது

மதிப்பிற்குரிய அத்தானுக்கு, தங்கள் மைத்துனன் வணங்கி எழுதுவது. இங்கே குழந்தை நலம், நாங்கள் சுமார். அங்கே தாங்களும் அக்காவும் மூன்று வாரத்து அழுக்குத் துணியும் எப்படி? போன் அடித்தால் குழந்தை விழித்துக்கொள்வாள் என்று அதை அணைத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் கடிதம். இடது முன்கையில் தங்கள் மருமகள் குப்புறப் படுத்துத் தூங்குகிறாள், வலது கையில் பேனா. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மூன்று வாரமாக என் வீட்டு முன்னறைக் கடையில் ரிப்பேருக்குக் கிடக்கும் தங்கள் மெஷினில், டிரம்மைச் சுழலவிடும் பேரிங் தேய்ந்திருக்கிறது, அதுதான் சத்தம். மாற்ற இரண்டு மணி நேரம் போதும். மாற்றமாட்டேன். இருபது வருட மெக்கானிக் பேசுகிற பேச்சா இது என்று கோபப்படாதீர்கள். பிறந்த ஆறாவது வாரத்திலிருந்து சாயங்காலம் ஆனால் போதும், வயிற்றில் வாயு சேர்ந்து, காலை மடக்கிக்கொண்டு வீல் வீலென்று அழுதாள். டாக்டரம்மாவிடம் ஓடினோம். "காய்ச்சல் வந்தாலோ பால் குடிக்கலைன்னாலோ உடனே தூக்கிட்டு வாங்க. மத்தபடி மருந்து வேண்டாம், தூக்கி வச்சுக்குங்க, தானா சரியாயிடும்" என்றார். மருந்துச் சீட்டில்லாமல் திரும்பியது எனக்கு ஏமாற்றம், என் மனைவிக்கோ வைராக்கியம். "பக்கத்து வீட்ல குடுத்த சொட்டு மருந்த யாராவது தொட்டீங்க, அவ்வளவுதான்" என்றாள். யாராவது என்றால் நான்தான்.

நானும் களத்தில் இறங்கினேன். காலைப் பிடித்து சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆட்டினேன், வாயு வந்தது, அதோடு நிற்காமல் மற்றதும் என் சட்டைப்பைக்குள் வந்தது. வெதுவெதுப்பான துணியை வயிற்றில் வைக்கலாம் என்றார்கள், சூடு சரியா என்று முதலில் என் வயிற்றில் வைத்துப் பார்த்ததில் நான் தூங்கிப்போனேன், அவள் அழுதுகொண்டிருந்தாள். டயபர் உரசிச் சிவந்த இடத்துக்குக் காற்றுப் படட்டும் என்று திறந்து விட்டோம், பக்கத்தில் ஒரு வாடிக்கையாளரின் சர்க்யூட் போர்டு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, "தண்ணி பட்டிருக்கு சார்" என்று அவரிடம் சொன்னேன், பொய்யில்லையே. இந்த அமளியில்தான் தங்கள் மெஷினைச் சோதிக்க ஓடவிட்டேன். கடகடவென்று வீடே அதிர்ந்தது. குழந்தை கப்சிப்! நல்ல பேரிங் உள்ள மூன்று மெஷின்களை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுக்கும் மசியவில்லை. அன்றிலிருந்து தினம் சாயங்காலம் தங்கள் மெஷின் காலியாக ஓடுகிறது, நான் எதிரே ஸ்டூலில் அவளைத் தாங்கியபடி உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே அத்தான், தாங்கள் நேரில் வந்து வாசலில் உட்கார்ந்தாலும் மெஷின் வராது. துணியைக் கொடுத்தனுப்புங்கள், கையாலேயே துவைத்துத் தருகிறேன். அக்காவுக்கு என் அன்பு. தங்கள் கோபம் தணிந்து, குடும்பம் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கீழ்ப்படியாத மைத்துனன்

பி.கு.: இதை மடிக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், குழந்தை அசையக்கூட இல்லை. சமையலறையிலிருந்து வந்த மனைவி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "அவ பத்து நாளா மெஷின் சத்தமில்லாமலே தூங்கறா. மெஷின் ஓடினாத்தான் நீங்க வேலைய விட்டுட்டு அவளத் தூக்கி வச்சுக்கறீங்க. அதான் நான் சொல்லல" என்றாள். பேரிங்கை நாளைக் காலையில் மாற்றிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் மட்டும் வராதீர்கள், இனி அந்த நேரத்தில் கடை கிடையாது. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் வேலை இருக்கிறது.