பதினோரு தட்டும் சுண்ணாம்புப் புள்ளியும்

கேமரன் மலையில பிளேட்டு அண்ணனுக்குப் பாட்டக் கேக்கவே சொல்லிக் குடுத்தது நாந்தான்.

பொய். முழுப் பொய். எழுதிக்கிட்டிருந்த மருமக பேனாவ வெச்சிட்டு மொறைக்கிறா. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன், அதனால நான் சொல்றேன், அவ எழுதுறா. சரிம்மா, நெசத்தையே எழுது.

நெசம் என்னன்னா, பாட்டுக் கேக்கறதுல அந்த மலைக்கே அவர் ஒருத்தர்தான் மனுசன். நாங்கள்லாம் காது வெச்ச பொம்மைங்க. தேயிலைச் செடியக் கத்தியால அளவா வெட்டி விடுற கவ்வாத்து வேலை அவருக்கு. சம்பாதிச்சதெல்லாம் ஒரு பாட்டுப்பெட்டியும் பதினோரு இசைத்தட்டும், அதனாலதான் பிளேட்டு அண்ணன். பதினொண்ணும் ஒரே அம்மா பாடினது. பேரச் சொல்ல மாட்டாரு, மரியாதையாம். "அவங்க"ம்பாரு. தோட்டத்து ஆபீசுல கணக்கெழுத புதுசா வந்த கிராணி இதக் கேட்டுட்டு, அண்ணனுக்கு ரெண்டு சம்சாரம்னு பதிவேட்டுல எழுதப் போயிட்டாரு.

அண்ணனுக்கும் எழுத்து தெரியாது. எல்லாத் தட்டுலயும் ஒரே மாதிரி சிவப்புக் காகிதம் வேற. ஆனா அடுக்குவாரு பாருங்க, குரலோட வயச வெச்சு!

"இது அவங்க பதினாறு வயசுல பாடினதுடா. மூச்சு எங்கயாச்சும் நிக்குதா பாரு. இது கல்யாணம் ஆனப்புறம்."

"இது அண்ணே?"

"இது ஜலதோசம். மாமியாக்காரி ஒரு வெந்நி வெச்சுக் குடுக்கல."

ஒவ்வொரு தட்டு நடுவுலயும் சுண்ணாம்பால புள்ளி வெப்பாரு. மொதத் தட்டுக்கு ஒண்ணு, கடைசிக்குப் பதினொண்ணு. அதான் அவரு கணக்கு.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளக்காரத் துரை ஓடிட்டாரு. தேயிலையப் புடுங்கிட்டு மரவள்ளி நட்டோம். எங்களுக்கு அரிசி போச்சு, துணி போச்சு. அண்ணனுக்கு ஊசி போச்சு. தானா ராத்தா டவுன்ல சீனன் கடையில போய் பாட்டுப்பெட்டி ஊசி இருக்கான்னு கேட்டிருக்காரு. கடை மொதலாளி தவுக்கே விழுந்து விழுந்து சிரிச்சானாம். "சட்டை தைக்கவே ஊசி இல்ல லா! நீ பாட்டு தைக்கப் போறியா?"

கையிருப்பு ஒரு சின்ன டப்பா ஊசிதான். அதனால சட்டம் போட்டுட்டாரு. ஞாயித்துக்கெழமைக்கு ஒரே ஒரு தட்டு. வரிசை வீட்டு லயத்துச் சனமே கிழங்கும் கையுமா அவரு வாசல்ல வந்து உக்காந்திரும்.

"சண்டை முடியட்டும்டா. பன்னெண்டாவது தட்டு கப்பல்ல வரும். குரல் எங்க போயிருக்குன்னு பாக்கணும். அதுவரைக்கும் இந்தப் பதினொண்ணும் உசிரோட இருக்கணும்," அப்படிம்பாரு.

நான் அப்ப லயத்துக்கே கோமாளி. வயிறு காலியா இருந்தா எனக்கு வாயும் கையும் சும்மா இருக்காது. ஒரு ஞாயித்துக்கெழம அண்ணன் தண்ணி புடிக்கப் போன நேரத்துல உள்ள பூந்தேன். எச்சி தொட்டு, சட்டக் கையால எல்லாப் புள்ளியையும் தொடச்சேன். தட்டுங்கள சீட்டுக்கட்டு மாதிரி கலச்சு வெச்சேன். சும்மா சிரிக்கத்தான்.

அண்ணன் வந்தாரு. மேல இருந்தத எடுத்து, பாக்காமலே பெட்டியில வெச்சாரு. "பதினாறு வயசு, கேளுங்க"ன்னாரு. ஜலதோசம் பாடிச்சு.

எல்லாரும் சிரிச்சாங்க. எல்லாரையும் விட சத்தமா நான்.

அண்ணன் தட்டத் திருப்பிப் பாத்தாரு. மூஞ்சி செத்துப் போச்சு.

"விடுங்கண்ணே, எது மொதல்ல பாடினா என்ன?"

"அதெப்படிடா? புள்ளையப் பெத்துட்டு அப்புறமா வயசுக்கு வருவா?"

புள்ளி போச்சுன்னா இனி காதுதான். மறுநாள்லேருந்து வேலை விட்டு வந்ததும் ஒவ்வொண்ணா ஓட்டுனாரு. அக்கா தங்கச்சி மாதிரி ரெண்டு குரல் வந்தா, எது மூத்ததுன்னு மாத்தி மாத்தி ஓட்டுனாரு. நாலே நாள்ல டப்பா காலி. மழுங்குன ஊசிய எடுத்து, கவ்வாத்துக் கத்தி தீட்டுற கல்லுல தீட்டுனாரு. அது பாட்டையே கவ்வாத்து பண்ணிருச்சு. வரிசை சரியா வந்துச்சு, குரல் போயிருச்சு. தகரக் கூரையில மழை பேயுற மாதிரி ஒரே கரகரப்பு. அதுக்கு அடியில எங்கயோ அவங்க.

"நாந்தான் அண்ணே"ன்னு சொல்ல எத்தனை தடவை வாசல் வரைக்கும் போனேன் தெரியுமா? போய் என்ன கிழிச்சேன்? ஒரு ஜோக்கு சொல்லிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்த ஞாயிறு அவரே கூப்பிட்டாரு. சுண்ணாம்பக் கொழச்சு என் கையில குடுத்தாரு.

"நீ வைடா புள்ளி. நான் பெட்டியத் தொடைக்கிறேன்."

வெச்சேன். மொத்தம் அறுபத்தாறு புள்ளி. கடைசித் தட்டுக்கு வெக்கிறப்ப, பாட்டுப்பெட்டியத் தொடச்சிக்கிட்டே மெதுவாச் சொன்னாரு.

"நல்லா அழுத்தி வை. எச்சி தொட்டாலும் அழியக் கூடாது."

எச்சி தொட்டத நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

அண்ணன் என்னப் பாக்கவே இல்ல. நான் வாயத் தொறந்தேன். "அண்ணே, அன்னிக்கி..."ன்னு...

"ஏங்க! மருமககிட்ட கதை அளந்தது போதும் லா! லோரி வந்து நிக்குது, கோபிஸ் முட்டக்கோசுக் கூடைய யாரு ஏத்துறது?"

எம் பொண்டாட்டிதான், இப்ப வாசல்லேருந்து கத்துறா. அன்னிக்கும் இப்படித்தான், சொல்ல வாயெடுக்கறப்ப யாராச்சும் கூப்பிட்டுருவாங்க, நானும் போயிருவேன்.

போறேன். மருமகளே, அந்தச் சுண்ணாம்பு டப்பாவ மூடி வை, காஞ்சிரும். அண்ணனுக்கு அப்புறம் நம்ம அலமாரிக்கு வந்த பதினொண்ணுல, மொதத் தட்டுல புள்ளி மங்குது. வந்து வெக்கணும்.