மாமாவின் மீசையும் என் நூலகமும்

பேரன்புக்கும் பெருமீசைக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் தங்கை மகள் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு தாங்களும் அத்தையும் நலமா? மீசையும் நலம்தானே? கேலிக்காகக் கேட்கவில்லை. "என் மருமக வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா நான் மீசையை எடுத்துடறேன்" என்று நீங்கள் அப்பாவிடம் சவால் விட்டதை அம்மா போனில் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த முறையும் தவறினால் இன்னொரு வருடம் இதே வகுப்பு. அப்பாவோ, படித்தது போதும், பெட்டியைக் கட்டு என்பார்.

கட்டடக் கலை இறுதியாண்டில் எங்களுக்குக் கொடுத்த வேலை, ஒரு சின்ன நூலகத்தை வரைவது. நாலு மாத அவகாசம். நான் சோம்பேறி இல்லை மாமா, சத்தியமாக இல்லை. காலையில் பல் துலக்கியதும் மேஜை முன் உட்கார்ந்துவிடுவேன். முதல் கோடு போடுமுன் சும்மா ஒருமுறை மனதாலேயே அந்த நூலகத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றும். போய்விடுவேன். கிழக்கு ஜன்னல் வழியே வெயில் வந்து தரையில் படுத்திருக்கும். அதை மிதிக்காமல் சுற்றிப் போவேன். ஒரு மூலையில் நீங்கள் செய்தித்தாளை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவீர்கள். குறட்டை மற்றவர்களுக்குக் கேட்காமலிருக்க அலமாரியை இரண்டடி தள்ளிவைப்பேன். கதைகள் மேல் மாடியில், கணிதம் கீழே என்று அடுக்குவேன், பிறகு கணிதத்தின் மேல் பாவப்பட்டு அதையும் வெளிச்சத்துக்கு ஏற்றுவேன். அதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். தாளில் ஒரு புள்ளிகூட இருக்காது. இப்படியே மூன்று மாதமும் மூன்று வாரமும் போயின.

என் அறைத்தோழிக்கு நாங்கள் வைத்த பெயர் சைரன். கடைசி வாரம் அவள்தான் என் கையில் பென்சிலைத் திணித்து, "எல்லாத்தையும் முடிக்கணும்னு நினைக்காத. பத்தே பத்து நிமிஷம் வரைஞ்சு பாரு. பிடிக்கலையா, எழுந்து போ, ஏன்னு கேக்க மாட்டேன்" என்று கத்தினாள். பத்து நிமிடம்தானே என்று அந்த ஜன்னலை வரைந்தேன். ஜன்னல் வந்ததும் வெயில் விழத் தரை வேண்டியிருந்தது. தரை வந்ததும் உங்கள் நாற்காலி. மறுநாளும் பத்து நிமிடம் என்றே தொடங்கினேன். தலை நிமிர்ந்தபோது சைரன் குளித்து, கல்லூரிக்குப் போய், திரும்பியே வந்துவிட்டாள். மனதில் இருந்த அத்தனையும் தாளில் இறங்கிவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, முதல் ஆளாகப் பேராசிரியர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். தள்ளிப்போடும் வியாதி ஒழிந்தது மாமா! கண்ணாடி முன் நின்று தைரியமாக மீசையை முறுக்கிக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. அப்பாவிடம் ரொம்பப் பீற்றிக்கொள்ள வேண்டாம், கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
திருந்திய மருமகள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். "எல்லாம் பிரமாதமா இருக்கும்மா. உள்ள எப்படிப் போறது?" என்றார். எட்டிப் பார்த்தேன். வாசற்கதவை வரையவே இல்லை. "நான் உள்ளயேதான் சார் இருந்தேன்" என்றேன், வேறு என்ன சொல்ல? இன்று ஐந்து மணிக்குள் வரைந்து கொடுத்தால் ஏற்றுக்கொள்வாராம். பத்து நிமிட வேலைதான். ஆனால் கதவை வரைந்தால் நான் வெளியே வந்துவிட வேண்டுமே மாமா, அதனால்தான் கை வரமாட்டேன் என்கிறது. இப்போது மணி நாலே முக்கால். எதற்கும் இரண்டு நாள் அப்பா கண்ணில் படாமல் இருங்கள்.