மூன்று மணிக் காய்ச்சல்

நேரம் தவறாதவன் பிழை விடமாட்டான் என்று ஒருகாலத்தில் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்காகப் பலருடைய பிட்டத்தில் ஊசி ஏறியது. (என்னுடையதில் ஏறவில்லை, அதுதான் அநியாயம்.)

அறுபதுகளில், திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்திருந்த சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் நான் ஆண் நேர்ஸ். விதிகள் எல்லாம் மனப்பாடம். பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானி வைக்க வேண்டும். மூன்று என்றால் மூன்றுதான். அந்நேரம் வார்டில் பாதிப்பேருக்குக் காய்ச்சல் காட்டும். கட்டிலில் தொங்கும் நோயாளித் துண்டில் சிவப்பு மையால் குறிப்பேன். பெரிய டொக்டர் 'கிருமி' என்று பெனிசிலின் எழுதுவார். காலையில் காய்ச்சல் இராது; மருந்து நல்லது என்போம். மூன்று மணிக்குத் திரும்ப வரும். கிருமி பொல்லாதது என்போம்.

குடாவுக்கு அக்கரையில் உள்ள கிண்ணியாவிலிருந்து படகில் வந்த காசிம் காக்காவுக்குக் குடலிறக்க ஒப்பரேசன் முடிந்து புண்ணும் ஆறிவிட்டது. வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். காய்ச்சல் விடாமல் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றேன்.

"எனக்குக் காய்ச்சல் இல்ல தம்பி. ஒங்கட குழாய்க்குத்தான் காய்ச்சல்."

அதையும் துண்டில் எழுதினேன்: 'பிதற்றுகிறார்.'

புதன்கிழமை, புதிதாக மாற்றலாகி வந்த பெண் டொக்டர் துண்டுகளை மேசையில் பரப்பி, கொப்பியில் இரண்டு நிரல் போட்டார். ஒன்றில் பெனிசிலின் ஏற்றப்பட்டவர்கள். மற்றதில் அவர்களுள் சீழோ சளியோ வேறு அடையாளமோ உண்மையில் இருந்தவர்கள். முதல் நிரல் பக்கம் தாண்டி ஓடியது. இரண்டாவதில் மூன்றே பெயர்.

"ஒப்பரேசனுக்குப் பட்டினி போட்ட ஆக்களில ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை. ஏனெண்டு யோசிச்சனீங்களோ?"

பட்டினி கிருமியைக் கொல்லும் என்று விளக்கினேன். (ஐந்து நிமிடம் விளக்கினேன்.)

மறுநாள் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, வழக்கம்போலத் தேத்தண்ணி வாளி வந்தது. பெண் டொக்டர் அதை வாசலிலேயே மறித்தார்.

"இப்ப வைச்சுப் பாருங்கோ."

கட்டில் கட்டிலாகப் போனேன். பாதரசம் அசையவில்லை. உதறி மறுபடி வைத்தேன். காசிம் காக்காவுக்கும் ஏறவில்லை. பிறகு வாளியை உள்ளே விட்டார். எல்லோரும் சுடச்சுடக் குடித்தார்கள். நாக்கின் கீழே மீண்டும் குழாயை வைத்தேன். வார்டு முழுக்கக் காய்ச்சல்.

அந்தத் துறைமுகத்துக்குள் எத்தனையோ பெரிய கப்பல்கள் நுழையப் பார்த்திருக்கிறேன். ஒரு வாளியையும் கொப்பியையும் பார்த்து வாய் பிளந்து நின்றது அன்றுதான். அவர் என்னைத் திட்டவுமில்லை. கொப்பியை மூடிவிட்டு எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்தார்.

காசிம் காக்கா கடைசிப் படகைப் பிடித்தார். கல்யாணத்துக்கு நானும் போனேன். பந்திக்குப் பந்தி அவர் சொன்ன கதை எனக்கு முதலே ஊர் திரும்பிவிட்டது.

இன்றும் நான் காய்ச்சல் என்று படுத்தால், மனைவி நெற்றியைத் தொடுவதில்லை. பக்கத்திலிருக்கும் கோப்பையைத்தான் தொட்டுப் பார்க்கிறாள்.