தவளை வராத நாவல்

நாவலை அனுப்பி நூற்று நாற்பத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. படித்தவர்களில் ஒருவர்கூட மதிவாணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லவும் கூடாது. தஞ்சாவூர் 'முதல் வாசிப்பு வட்ட'த்தின் சட்டம் அப்படி. அச்சுக்குப் போகாத கதையைப் படித்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை நேரில் கூடித்தான் சொல்வார்கள். அவர்கள் முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால், திறக்கும் ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும்.

மதிவாணனுக்கு நாற்பத்தொன்பது வயது. கடைமடைப் பக்கம் ஒரு பாசன அலுவலகத்தில் உதவியாளர். இருபது வருடமாக மற்றவர்கள் கையெழுத்துப் போடும் கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தவர். தன் பெயர் போட்ட ஒரு புத்தகம் வந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்காக 'தவளைகளின் வருகைப் பதிவேடு' என்று ஒரு நாவல் எழுதினார். மழை பொய்த்ததற்குத் தவளைகள் ஒழுங்காகக் கத்தாததே காரணம் என்று ஓர் அலுவலகம் கண்டுபிடிக்கிறது. வயலில் உள்ள அத்தனை தவளைகளுக்கும் வருகைப் பதிவேடு திறக்கிறது. கத்தாத தவளைக்கு மெமோ.

அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில்தான் எழுதினார். அதிகாரி கண்ணில் படக் கூடாதென்று கோப்புக்கு 'நாணல்குடி வாய்க்கால் – இறுதி அறிக்கை – 2' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயருள்ள எதையும் அந்த அலுவலகத்தில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பினார். கையோடு, நாவலின் தலைப்பை மேலே எழுதி, வட்டத்துக்கு அனுப்ப வேண்டியதையும் அனுப்பினார்.

இன்று வியாழன். பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். வட்டம் கூடும் டுடோரியல் மாடியில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மருந்துக்கடை தங்கையன், கல்லூரியில் தமிழ் சொல்லித்தரும் தஹ்மீனா, பதிப்பாளர் கோவிந்தராசு.

"அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்குன்னு சொன்னா, நான் கண்ண மூடிக்கிட்டுப் போட்டுடறேன்" என்று கோவிந்தராசு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். எந்தப் புத்தகத்தையும் அவர் அப்படித்தான் போடுவார்.

தங்கையன் தொண்டையைச் செருமினார். "முப்பது பக்கம்தான் ஆச்சு. அதுக்கே சிரிச்சுச் சிரிச்சு பி.பி. மாத்திரை போட்டுக்கிட்டேன். ஆரம்பமே, 'பார்வை ஒன்று, பார்வை இரண்டு, பார்வை மூன்று'ன்னு! யாரு சார் ஒரு நாவல இப்படி ஆரம்பிப்பா?"

மதிவாணனும் அதைத்தான் யோசித்தார். அவருடைய நாவல் ஒரு தவளையின் கொட்டாவியில் அல்லவா ஆரம்பிக்கிறது?

"எனக்கு அந்த வாய்க்கால்தான்" என்றார் தஹ்மீனா. "வாய்க்காலோட நீளம் மூணு கிலோமீட்டர். தூர் வாரினது அஞ்சே கால் கிலோமீட்டர். மீதி ரெண்டே கால எங்க வாரினாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. அந்த மௌனம் இருக்கே, அதுதான் இலக்கியம்."

"தவளை எப்படி இருந்துச்சுங்க?" மதிவாணனால் அடக்க முடியவில்லை.

"பஜ்ஜி!" என்றார் தங்கையன். கீழ்க்கடைக்கு ஃபோன் போயிற்று.

தங்கையன் தஹ்மீனாவைப் பார்த்தார். கோவிந்தராசு மின்விசிறியைப் பார்த்தார். தவளையை மூன்று பேருமே பார்த்திருக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள மூன்று பேருமே தயாராக இல்லை.

"தவளை... ரொம்ப நுட்பம்" என்றார் தஹ்மீனா. "தலைப்புல மட்டும் வச்சிட்டு, உள்ள ஒண்ணக்கூட விடல பாருங்க. தண்ணியே இல்லாத வாய்க்கால்ல தவளை எங்கேருந்து வரும்? அந்த இடத்துல எனக்குக் கண் கலங்கிடுச்சு."

படிக்காமலேயே அளக்கிறார்கள் என்று மதிவாணன் முடிவு கட்டினார். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

"எத்தனாவது பக்கம் மேடம்?"

"இன்னொரு பஜ்ஜி!"

"பதினேழு." தஹ்மீனா செல்போனை எடுத்து வாசித்தார். "'மேற்படி வாய்க்காலில் எடுக்கப்பட்ட வண்டல் மேற்படி வாய்க்கால் கரையிலேயே கொட்டப்பட்டு, மழையில் கரைந்து மேற்படி வாய்க்காலுக்கே திரும்பிவிட்டபடியால், பணி திருப்திகரமாக நிறைவுற்றது.' எப்படி சார் உங்களுக்கு இப்படியெல்லாம் தோணுது?"

அவருக்கு எங்கே தோன்றியது? அதிகாரி சொல்லச் சொல்ல, போன மாதம் அவர் தட்டியது அது. இவர்கள் படித்தது நாவலை அல்ல. நிஜமான நாணல்குடி வாய்க்கால் இறுதி அறிக்கையை.

இது அச்சில் வந்தால் இருபது வருட சர்வீஸ் அம்பேல்.

"நிறுத்துங்க! இது நான் எழுதினதே இல்லைங்க."

தஹ்மீனா நோட்டில் குறித்துக்கொண்டார். "ஆசிரியர் தன்னையே மறுக்கிறார்."

"ஐயோ மேடம், இது நாவலே இல்ல!"

"நாவலுங்கிற வடிவத்தையே உடைச்சிருக்கீங்கன்னுதான் நானும் எழுதியிருக்கேன்."

"எங்க ஆபீஸ் அறிக்கைங்க இது! அத்தனையும் நிஜம்!"

தங்கையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நிஜமா நடந்திருந்தா ஊர்ல ஒருத்தன் கேட்டிருக்க மாட்டானா சார்? என் மச்சான் நிலமே நாணல்குடியிலதான் இருக்கு. மூணு வருஷமா அவன் வயலுக்குத் தண்ணி ஏறல, அது வேற விஷயம்."

பஜ்ஜி வந்தது. ஐந்து தட்டு ஆகியிருந்தது. கோவிந்தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு, நிஜமாகவே கண்ணை மூடினார்.

"கடைசியில 'உண்மை நகல்'னு முடிச்சீங்க பாருங்க. அந்த ஒரு வரிக்கே போடலாம். அடுத்த மாசம் புத்தகத் திருவிழாவுக்கு வந்துடும். ஒரு எழுத்து மாத்தப்படாது. அந்த அதிகாரி பேரும் அப்படியே இருக்கட்டும். நல்ல கற்பனை."

மதிவாணனுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. உண்மையான நாவலின் முதல் பக்கம் அவருக்கு மனப்பாடம். எழுந்து நின்று ஒப்பித்தார். தவளை கொட்டாவி விட்டது. அலுவலகம் திறந்தது. பதிவேடு விரிந்தது. வரிசையில் நின்ற தவளைகள் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டன.

ஒருவரும் சிரிக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார்" என்றார் தஹ்மீனா, ஆதரவாக. "அதுல இருந்த உயிர் இதுல இல்ல."

"கிண்டல்னாலும் ஒரு அளவு வேணும்ல?" என்றார் தங்கையன். "தவளைக்கு வருகைப் பதிவேடாம்! எந்த ஆபீஸ்ல சார் இப்படி நடக்கும்? கொஞ்சமாவது நம்பற மாதிரி எழுதுங்க."

மதிவாணன் உட்கார்ந்தார். அப்போது அவர் செல்போன் அடித்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசை மலர்க்கொடி. பஜ்ஜி எண்ணெய் விரல் எங்கோ பட்டு, ஸ்பீக்கரில் அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சார், நல்ல சேதி! வெள்ளிக்கிழமை நீங்க மேல அனுப்பின அறிக்கைக்கு ஒப்புதல் வந்துடுச்சு. நாலே நாள்ல சார்! நம்ம ஐயா சந்தோஷத்துல எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் குடுத்தாரு. மாவட்டம் பூரா உடனே அமல்படுத்தணுமாம்."

மதிவாணன் வாயைத் திறந்தார். இந்த முறை யாரும் பஜ்ஜி கேட்கவில்லை.

"ஒரே ஒரு விளக்கம் மட்டும் கேட்டிருக்காங்க சார்: தவளைங்க காலையில மட்டும் கையெழுத்துப் போட்டாப் போதுமா, இல்ல சாயங்காலமும் போடணுமா?"