பந்தி எழுதிய சண்டைக் காட்சி

தன் கதையில் வரும் ஒருவரையும் பசியோடு தூங்க அனுப்பாத எழுத்தாளர் உலகத்திலேயே ஒருவர்தான். அவளை நாங்கள் ‘பந்தி’ என்று கூப்பிட்டோம்.

முழங்கால் தேய ஆரம்பித்த வயதில் வேலையை விட்டுவிட்டு, திருப்பதியில் ஒரு கல்லூரியில் சினிமா, டெலிவிஷன் படிக்கச் சேர்ந்தேன். ஆசிரியர்களில் சிலர் என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றார்கள். மாணவர்களுக்கு நான் அங்கிள். பந்தி, சித்தூருக்கு அப்பால் எல்லையோர ஊர்ப் பெண். அவள் எழுதும் பேய்க்கதையில் பேய்க்கும் இலை போடுவார்கள். கொலைகாரன் கத்தியை எடுப்பதற்குள் யாராவது அவன் தட்டில் குழம்பை ஊற்றிவிடுவார்கள். அப்புறம் எங்கே குத்துவது?

என் பாத்திரங்களோ ஜன்னலோரம் நின்று மரணத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் வாசித்தால் வகுப்பு கொட்டாவி விட்டது. அவள் வாசித்தால் எல்லோருக்கும் பசித்தது.

திரைக்கதை சொல்லித்தந்த தெலுங்குக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

“ஏம்மா, இது ஸ்கிரிப்டா, மெனு கார்டா? சண்டை எக்கட?”

“சோத்து முன்னால குந்திக்கினு எப்டி சார் சண்ட போடுவாங்கோ?”

கடைசிக் குறும்படத்தில் சண்டை இல்லாவிட்டால் தேர்ச்சி இல்லை என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். இன்னொரு வருஷம் படிக்கவைக்க அவளுடைய நைனாவால் முடியாது. பந்தி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: நிலத்தைப் பங்கு பிரிக்கும் அண்ணன் தம்பி, சாப்பிடும்போது அடித்துக்கொள்கிறார்கள். வகுப்பில் நரைத்த தலை என்னுடையது மட்டும்தான். அண்ணன் வேஷம் எனக்கு.

ரேணிகுண்டா பக்கம் ஒரு வீடு. களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் அவளே சமைத்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு டேக்கிலும் ஒரு ரயில் ஊதியது. ரயில் ஓய்ந்தால் விமானம். தட்டில் இருப்பது குறைந்தால் ஷாட் ஒட்டாது, தொடக்கூடாது என்று கண்டிப்பு. மதியம் போய்ச் சாயங்காலம் வந்தது. குழம்பு மணக்க மணக்க, தம்பியாக நடித்த பையனுக்கு என்மேல் உண்மையாகவே வெறுப்பு வந்துவிட்டது. வசனத்தில் இல்லாததெல்லாம் சொல்லித் திட்டினான். நானும் விடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டான். கேமராவுக்குப் பின்னால் ஆசிரியர், “சூப்பர், ஆபொத்து! நிறுத்தாதே!” என்று கிசுகிசுத்தார்.

கரண்டியோடு பந்தி ஃபிரேமுக்குள் நடந்து வந்தாள்.

“மொதல்ல ரெண்டு பேரும் துன்னுங்கோ. அப்பறம் கத்துங்கோ.”

ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் தின்றோம். திரும்ப எடுக்க வெளிச்சம் இல்லை. கரண்டியோடு தான் வருவதையும் அப்படியே வைத்துப் படத்தைக் கொடுத்தாள்.

படத்தோடு, படித்த காலத்தில் தான் எழுதியதைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை வாசிக்கவேண்டும். நான் பல பக்கம் வாசித்தேன். எனக்கே தூக்கம் வந்தது. பந்தி எழுந்து இவ்வளவுதான் சொன்னாள்: “எனக்கு சண்ட எழுத வருது சார். அத்த பாத்துக்கினு நிக்கத்தான் வரல.”

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பேனாவைத் திறந்தார். பிறகு, “பாஸ்” என்றார்.

இப்போது ஹைதராபாத்தில் சீரியல் எழுதுகிறாள். நாள் முழுக்க மாமியார் மருமகள் சண்டை. எழுதி முடித்த அலுப்பில் எனக்குப் போன் செய்வாள். “அங்கிள், துன்னீங்களா?”

இல்லை என்றால் பிடித்துத் திட்டுவாள். அதற்காகவே சில நாள், சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு, இல்லை என்கிறேன்.