ஒன்பது சீற்றில் வந்த அண்ணன்

“ஒன்பது சீட்டை மடக்கணும்மா,” என்று ஜெயசீலன் சேர் தொலைபேசியில் சொன்னதும் அன்ரோனெற் தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

“ஒருத்தருக்கோ சேர்?”

“ஒருத்தருக்குத்தாம்மா. இடுப்பெலும்பு உடைஞ்சவரை உட்கார வச்சுக் கொண்டுவர முடியாது. பிளேன்ல சீட்டுக்கு மேல ஸ்ட்ரெச்சர் போட்டு, சுத்தித் திரை கட்டி, கூட ஒரு நர்ஸும் வருவாங்க. எல்லாம் கம்பெனி இன்சூரன்ஸ் பாத்துக்கும். உங்க ஊர் ஆஸ்பத்திரி ‘கட்டில் இருக்கு, அனுப்புங்க’ன்னு ஒரு லெட்டர் குடுக்கணும். அது மட்டும்தான் உங்க வேலை.”

கட்டாரில் கட்டட வேலையின்போது விழுந்த அவளுடைய அண்ணன் நீக்கிலாஸ் ஒரு மாதமாக அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் பேசும் நிலையில் இல்லை என்று முதன்முதலில் அழைத்துச் சொன்னவர், அந்த ஆஸ்பத்திரியின் வெளிநாட்டு நோயாளர் பகுதி அதிகாரியான இந்த ஜெயசீலன் சேர்தான். தமிழ்நாட்டுக்காரர். கனிவான மனிதர். ஒருவனுக்காக ஒன்பது இருக்கைகளை மடக்குகிற உலகம் ஒன்று இருக்கிறதென்று அவர் வாயால் கேட்டபோது அவளுக்கு உடம்பு புல்லரித்தது. மன்னார் பஸ்ஸில் நீக்கிலாஸுக்கு ஒரு சீற் கிடைத்ததையே அவள் கண்டதில்லை.

கடிதத்தை அன்று பின்னேரமே வாங்கிவிட்டாள். பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் பர்ஸானா அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தாள். மறுநாள் சேர் எடுத்தார்.

“அம்மா, லெட்டர்ல நீக்கிலாஸ்னு இருக்கு. பாஸ்போர்ட்ல நிக்கலஸ்.”

“நான்தான் அப்பிடி எழுதிக் குடுத்தனான் சேர். ஞானஸ்நானப் பேர் அதுதான்.”

“ரெண்டும் ஒருத்தர்தான்னு யாராவது பெரியவங்க எழுதிக் குடுத்தாப் போதும்.”

அன்ரோனெற் பங்குச் சுவாமியாரிடம் ஓடினாள். அவர் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் உருக்கமாக எழுதி, ‘நிக்கலஸையும் நீக்கிலாஸையும் பத்திரமாக வீடு சேர்ப்பியுங்கள்’ என்று முடித்தார். இன்சூரன்ஸ்காரர்கள் அந்தக் கடைசி வரியை மட்டும் வாசித்தார்கள்.

“இப்போ பதினெட்டு சீட்டு போட்டிருக்காங்க,” என்றார் சேர். குரல் சோர்ந்திருந்தது. “ரெண்டு ஸ்ட்ரெச்சர். ரெண்டு நர்ஸ். அங்க ரெண்டு ஆம்புலன்ஸ்.”

“மாதாவே,” என்றாள் அன்ரோனெற். வந்தது பயமா பெருமையா என்று அவளுக்கே தெரியவில்லை.

பர்ஸானா யோசித்தாள். “நீக்கிலாஸ் எண்டு ஒரு ஆள் இல்லை எண்டு நாங்களே மெயில் போடுவம் அக்கா. ஒண்டை வெட்டிப்போடுவாங்கள்.”

போட்டார்கள். இரண்டையும் வெட்டிவிட்டார்கள்.

“மன்னார்ல கட்டில் நீக்கிலாஸ் பேர்ல இருக்கு. அப்படி ஆளே இல்லைன்னு நீங்க சொல்லிட்டீங்க. நிக்கலஸ்னு ஆள் இருக்காரு, அவருக்குக் கட்டில் இல்லை,” என்பதைச் சொல்லி முடிக்கச் சேர் மூன்று தடவை தொடங்கவேண்டியிருந்தது. உறவே இல்லாத ஒருவனுக்காக ஓர் அதிகாரி இப்படிக் கலங்குவாரா என்று அவள் மலைத்துப்போனாள்.

“சேர், நீங்கள் சாப்பிட்டீங்களோ?”

“சாப்பிடுறேம்மா,” என்றார்.

பாஸ்போர்ட் பெயரில் புதுக்கடிதம் வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். கடைசியாக ஒரு படிவம் மிஞ்சியது. சேர் கேட்கக் கேட்க அவள் பதில் சொன்னாள். வீட்டில் படி உண்டா, அறைக்குக் காற்று வருமா, நோயாளிக்கு மீன் சொதி கிடைக்குமா.

“வீட்டுக்காரங்களுக்கு நோயாளியோட பேச்சுவார்த்தை உண்டா?”

அவள் கையிலிருந்த பள்ளிச் சட்டையை மடியில் வைத்தாள். “இதையும் கேப்பீங்களோ?”

“இன்டர்நேஷனல் ரூல்மா.”

“பதினொரு வருசமா இல்லை சேர். அம்மாவின்ர அடக்கத்துக்கு அவர் வரேல்லை. இனி எனக்கு அண்ணன் இல்லையெண்டு நான்தான் போனில சொன்னனான். லீவு குடுக்கேல்லையோ என்னவோ, ஏன் வரேல்லையெண்டு நான் கேக்கவுமில்லை. அதுக்காக அனுப்பாமல் விடுவீங்களோ?”

“அனுப்புவோம்மா. இப்போ என்னன்னு எழுதட்டும்?”

“தங்கச்சி வாசலில நிக்கிறாள் எண்டு எழுதுங்கோ.”

அந்த ஒரு வரியை எழுதச் சேருக்கு வெகுநேரம் எடுத்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஏசிக் குளிராக்கும் என்று அவள் நினைத்தாள்.

வெட்டிய இரண்டில் ஒன்றை மட்டும் திரும்பப் பதிந்தார்கள். ஆனால் அம்புலன்ஸுகளை யாரும் நிறுத்தச் சொல்லியிருக்கவில்லை. ஒன்றில் அன்ரோனெற்றும் மற்றதில் பர்ஸானாவும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் போய் இறங்கினார்கள். விமானத்துக்குக் கிட்டப் போக அன்ரோனெற்றுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

காலை வெயிலில் விமானம் கோயில் கோபுரத்தைவிட உயரமாகத் தெரிந்தது. லொறி ஒன்றின் முதுகிலிருந்து வீடளவு பெட்டி தானாக எழும்பிக் கதவைத் தொட்டது. அதற்குள் நீக்கிலாஸை வைத்து, திருவிழாவில் சொரூபம் இறக்குவதுபோல அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். நான்கு பேர் கையைத் தூக்கியபடி கீழே நின்றார்கள். அவள் தன்னையறியாமல் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

தலை முழுக்க நரைத்திருந்தது அவனுக்கு. கண்களை இறுக்கி மூடியிருந்தான்.

“அண்ணா,” என்று அவன் கையைப் பிடித்தாள். இமைகள் துடித்தன, திறக்கவில்லை.

கூட வந்த நர்ஸ் நாகர்கோவில்காரி. அன்ரோனெற் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் சொன்னாள்: “சிஸ்டர், ஜெயசீலன் சேருக்கு நான் கும்பிட்டதெண்டு சொல்லுங்கோ. அப்பிடி ஒரு மனிசனை நான் கண்டதில்லை.”

நர்ஸ் ஸ்ட்ரெச்சரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

“எங்க ஆஸ்பத்திரியில ஜெயசீலன்னு யாரும் இல்லக்கா, ‘நான்னு தெரிஞ்சா தங்கச்சி போனை வச்சிருவா’ன்னு, எங்க ஊர்த் தமிழை என்கிட்ட கத்துக்கிட்டு, தினமும் உங்ககூடப் பேசினது இவர்தான்.”